கல்யாண கேசட்டுகளில் அத்தானைத் தேடிய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அக்காவோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். உங்களில் பல பேருடைய வீட்டுக் கல்யாணத்தை அக்கா வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறார். எதற்காகப் பார்த்தார் என்பது சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. அதை எழுதச் சொன்னது அக்காவின் மகள் கோமதி. "மாமா, நீங்கதான் ஊரெல்லாம் சுத்துனவரு. நீங்களே எழுதுங்க" என்றாள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லோரியிலும் கப்பலிலும் கழிந்த வருடங்கள் அதிகம். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கிள்ளானில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பாவுக்கு இடுப்பு போன பிறகு அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அதைப் பெருமையாகவும் சொன்னதில்லை, குறையாகவும் சொன்னதில்லை. "அங்கதான் சட்டைக்கு இஸ்திரி போடப் படிச்சேன்" என்று மட்டும் சொல்வார். நான் வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அவர் இஸ்திரி போட்டு வைத்த சட்டை ஒன்று எனக்காக ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கே போயிருந்தாய் என்று கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்.

அக்காவைப் பெண் பார்க்க அத்தான் வந்த அன்று அவருக்கு ஒரு பக்க மீசைதான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தவர், ரயில்வேயில் ஃபிட்டர் வேலை. வேலை முடிந்தால் நாடகம். அந்த வாரம் போட்ட நாடகத்தில் முடி திருத்துபவர் பாதியில் ஓடிவிடுவதாக ஒரு காட்சியாம். அம்மா அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "என்னாடி இது, மாப்பிள்ளைக்குக் கிறுக்கா?" என்று கேட்டது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

அத்தான் அங்கிருந்தே பதில் சொன்னார். "கிறுக்கு இல்லீங்க அத்தை. நாளைக்கும் நாடகம் இருக்கு. அது முடிஞ்சா அந்தப் பக்கத்தையும் எடுத்துருவேன்."

அக்கா காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பாதிக் காப்பி தட்டில்தான் இருந்தது. "சரின்னு சொல்லிருங்கம்மா" என்றார். அப்படித்தான் கல்யாணம் முடிவானது.

எழுபதுகளின் கடைசியில் அத்தானுக்கு மலேசியத் தொலைக்காட்சியின் தமிழ் நாடகங்களில் வாய்ப்பு வந்தது. பெரிய வேடம் எதுவும் இல்லை. தபால்காரர், போலீஸ்காரர், கடைக்காரரின் மைத்துனர், இப்படித்தான். குவாட்டர்ஸ் வரிசையில் தொலைக்காட்சி வைத்திருந்த வீட்டில் எல்லாரும் கூடிவிடுவார்கள். அத்தான் உள்ளே வராமல் சன்னல் வழியாகப் பார்ப்பார். "இப்ப வருவேன், இந்தா இப்ப வருவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்து போய்விடுவார். சிறுவர்கள் கைதட்டுவார்கள். அவர் சன்னலில் நின்று கும்பிடுவார்.

கோமதிக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு மழை நாளில் அத்தானின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்முன் உயிர் போய்விட்டது. குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அக்கா சுங்கை வேயில் ஓர் அறை எடுத்து, அங்கேயே மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனார். கோமதியைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். கஷ்டம்தான். அதைப்பற்றி எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் அக்காவை விடவில்லை. கோமதி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒருநாள், "அப்பா எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டாள். அக்கா பேசிக் காட்டிப் பார்த்தார், வரவில்லை. என்னைப் பேசச் சொன்னார். எனக்கும் வரவில்லை. வீட்டில் அத்தானுடைய படங்கள் இருந்தன, சட்டை இருந்தது, ஹெல்மெட்கூட இருந்தது. குரல் இல்லை. அப்போதுதான் அக்கா முடிவு செய்தார், இந்தப் பிள்ளை கல்யாணமாகிப் போவதற்குள் அவளுடைய அப்பா பேசுவதை ஒரு முறையாவது கேட்க வைத்துவிட வேண்டும் என்று.

தொலைக்காட்சி நிலையத்துக்கு அக்காவை நான்தான் அழைத்துப் போனேன். அங்கே எங்களிடம் பேசிய தமிழர் மரியாதையான மனிதர். "அக்கா, மறைக்காம சொல்லிடறேன். டேப்பு விலை அதிகம். நாடகம் போட்டு முடிஞ்சா அதுமேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு பண்ணிருவாங்க. அந்தக் காலத்து நாடகம் ஒண்ணும் இருக்காது" என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, "இவங்களும் நம்ம மாதிரிதான்டா. ஒரே பாத்திரத்தைக் கழுவிக் கழுவிச் சமைக்கறாங்க" என்றார். அழுவார் என்று நான் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அதை வாங்கிப் பஸ் நிறுத்தத்து இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வழி கிடைத்தது அக்காவின் தோழி வீட்டில். தொழிற்சாலையில் கூட வேலை செய்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, வீடியோ கேசட் வந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டி, பந்தி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறியதும் கூட்டம் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டது. யாரும் மிஷினை நிறுத்தவில்லை. திரையில் கொஞ்சநேரம் புள்ளிப் புள்ளியாக ஓடியது. பிறகு ஒரு தமிழ் நாடகத்தின் கடைசிக் காட்சி வந்தது. அத்தானோடு நடித்த ஒரு நண்பர் அதில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

தோழியின் அப்பா அசட்டையாகச் சொன்னார். "அது பழைய கேசட்டுலா. டிவியில நாடகம் பிடிச்சு வெச்சிருந்தோம். வீடியோக்காரன் கேசட் குடுங்கன்னான், புதுசு எதுக்குன்னு இதையே குடுத்துட்டோம்."

கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர் ஒருவர்தானா அப்படிச் செய்திருப்பார்? வீடியோ மிஷின் வாங்கிய குடும்பங்கள் முதலில் நாடகத்தைப் பதிவு செய்தன. பிறகு வீட்டில் விசேஷம் வந்ததும் அதன்மேலேயே விசேஷத்தைப் பதிவு செய்தன. கல்யாணம் கேசட்டைவிடச் சின்னதாக இருந்தால் கடைசியில் நாடகம் மிச்சமிருக்கும். கல்யாணம் முடிந்ததும் எல்லாரும் நிறுத்திவிடுவதால் அது அங்கே இருப்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

அன்றிலிருந்து அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் பிறர் வீட்டுக் கல்யாணங்களில் கழிந்தன. ஊரில் இருக்கும்போது நான் லோரியில் கொண்டுபோய் விடுவேன். ஒரு டப்பா முறுக்கோடு போய், "உங்க வீட்டு விசேஷ கேசட் இருந்தா பாக்கலாமா?" என்று கேட்பார். முதலில் சந்தோஷப்படுவார்கள், அடுத்து சந்தேகப்படுவார்கள்.

செராஸில் ஒரு வீட்டில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கதவைத் திறந்த மருமகள், "யாரு ஆன்டி உங்கள அனுப்பிச்சது?" என்றாள்.

"யாரும் அனுப்பலம்மா. சும்மா பாக்கத்தான்."

"எங்க கல்யாணத்தை நீங்க ஏன் பாக்கணும்? எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லலா."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "புரோக்கர்லா அது! உள்ள கூப்புடு. சின்னவனுக்குப் பொண்ணு இருக்கான்னு கேளு!"

அக்கா உண்மையைச் சொன்னபிறகு அந்த மாமியாரே மூன்று வீடுகளுக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

கடைசியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் சொன்னேன். அக்கா என்னை முறைத்தார். "அவங்க உக்காந்து ஆசையா பாக்கறாங்க. தாலி கட்டறதை ஓட்டுன்னு சொல்லுவியா? மரியாதை தெரியாதவனே." ஆகவே முழுக் கல்யாணத்தையும் பார்ப்பார், வீட்டுக்காரர்களின் விளக்கத்தோடு. கிள்ளானில் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு ஒரு முறை, "நிறுத்து, நிறுத்து! இந்தா போறான் பாருங்க என் மச்சான். ஒரு ஃபிளாஸ்க்கைப் பரிசா குடுத்துட்டு மூணு பந்தி சாப்பிட்டான்" என்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து, யாருக்கு யார் சொந்தம், யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

மருமகன் கணேசனையும் அப்படித்தான் பிடித்தார். ஒரு கேசட்டில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்த பையன், காது கேளாத ஒரு பாட்டியிடம் குனிந்து, போதுமா என்று கையால் கேட்டுவிட்டுப் போனானாம். அக்கா அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். கோமதிக்கு அவரையே மாப்பிள்ளையாகப் பேசி முடித்தார். "எங்கம்மா சாம்பார் வாளியைப் பாத்துதான் மாப்பிள்ளை எடுத்தாங்க" என்று கோமதி இன்றும் சொல்கிறாள்.

நாடகத் துண்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன. இரவல் மிஷின் ஒன்றைத் தன் மிஷினோடு இணைத்து அக்கா நகல் எடுப்பார். நம் ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதற்குள் கேசட்டுகளை வைப்பார். மாதம் ஒரு முறை அரிசியைத் திரும்ப வறுப்பார். எந்த நடிகர் கிடைத்தாலும் அவருடைய குடும்பத்துக்கு ஒரு நகல் போய்விடும். ஒரு பழைய நடிகர் தன்னைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்? யாரும் சொல்லவே இல்லையே" என்று மனைவியிடம் சண்டைக்குப் போனார். பின்னாளில் அந்தத் தொலைக்காட்சி நிலையத்து மனிதரே வீட்டுக்கு வந்து, அக்கா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, நகல்கள் கேட்டு வாங்கிப்போனார். எல்லாரும் கிடைத்தார்கள். அத்தான் மட்டும் கிடைக்கவில்லை.

கோமதியின் கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, அதைக் கொடுக்கப் போன வழியில்தான் கிடைத்தார். தெலுக் பங்லிமா காராங் ஊரில் தேவகி அம்மா என்பவர் வீட்டில், அவருடைய மகனின் காதுகுத்துக் கேசட்டில். பிள்ளை அழுது முடித்து, மாமன் மிட்டாய் கொடுத்து, படம் புள்ளியாகி, திடீரென்று வேட்டி கட்டிய ஒருவர் வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீட்டோடு மாப்பிள்ளை வேடம். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"இவருக்கு வேட்டி கட்டவே தெரியாது. பாருங்க, எப்படிக் கட்டியிருக்காருன்னு" என்றார்.

தேவகி அம்மா, "யாரும்மா அவரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

தேவகி அம்மா வேறு எதுவும் கேட்காமல் போய்க் காற்றாடியை நிறுத்தினார், அடுப்பை அணைத்தார், சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வாசலில் அதட்டிவிட்டு வந்தார். அத்தான் சில நிமிடங்கள் பேசினார். கேசட் முடிந்துவிட்டது. தேவகி அம்மா அதை அப்படியே எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டார், காதுகுத்தோடு சேர்த்து.

அவ்வளவு வருடம் தேடிய கேசட்டோடு வீட்டுக்கு வந்தால், கோமதி பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லார் வீட்டுக் கல்யாணத்தையும் பாத்தீங்க. என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இன்னும் வரல" என்று முதலில் எரிந்து விழுந்தாள். பிறகு அவளே கீழே உட்கார்ந்தாள். "இல்லம்மா. சின்னப் பிள்ளையிலேருந்து நான் மனசுல ஒரு குரல் வெச்சிருக்கேன். பரீட்சைக்குப் போறப்பல்லாம் அந்தக் குரல்தான் எனக்குத் தைரியம் சொல்லும். இது வேற மாதிரி இருந்துச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்? எனக்குப் போட்டோ போதும்."

"சரிம்மா, வேணாம்" என்றார் அக்கா. கேசட்டைப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார். நான் அக்காவை அவ்வளவு சோர்ந்து பார்த்ததில்லை. அத்தான் போனபோதுகூட அப்படி இல்லை. அதன்பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். ஏனென்றால் அது தேவகி அம்மா குடும்பத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டிய நன்றி.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா வேலையை விட்டுவிட்டார். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போனார். அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் எந்த ஊர் என்று விசாரித்து, "உங்க தங்கச்சி கல்யாணத்துல நீங்க பச்சைச் சேலைதானே?" என்று கேட்டு அவரை அசர வைப்பார். பேரன் பிறந்ததைப் பார்த்தார், அவனுக்குப் பெயர் வைத்தார். கடைசி வாரத்தில் கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் என் சட்டை கசங்கியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். மகளும் மருமகனும் அருகில் இருக்க, ஒரு காலைப் பொழுதில் அமைதியாகப் போனார்.

அக்காவைத் தங்கள் உடன்பிறப்பாகப் பார்த்துக்கொண்ட சுங்கை வே அண்டை வீட்டார்க்கும், கோமதியைச் சிறுவயதில் வளர்த்துக் கொடுத்த குடும்பத்துக்கும், தொழிற்சாலைத் தோழிகளுக்கும், மருத்துவமனைத் தாதியர்க்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பிரிக்பீல்ட்ஸ் நாடக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சொந்த மகனைப்போல அக்காவைத் தூக்கிச் சுமந்த மருமகன் கணேசனுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதிவிட்டேன். நம்பி வீட்டுக்குள் விட்டு, சொந்தக் கல்யாணங்களைக் காட்டிய எல்லாக் குடும்பங்களுக்கும் நன்றி.

தேவகி அம்மாவுக்கு மட்டும் வெறும் நன்றி போதாது. அவர் கொடுத்த கேசட் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு இறந்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று நண்பகல் சமையல் முடிந்து இலை போடும் நேரத்தில் அக்கா கோமதியிடம் மெதுவாகக் கேட்டார். "போட்டோவுல அவரு ரொம்பச் சின்னதா இருக்காரும்மா. டிவியில அவர் மூஞ்சிய நிறுத்தி வெச்சுப் படைக்கட்டுமா? படம் மட்டும்தான். பேசமாட்டாரு."

கோமதி யோசித்தாள். "படம் மட்டும்தானே?"

"படம் மட்டும்தான்."

அக்கா கேசட்டைப் போட்டு, அத்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிமிரும் இடத்தில் படத்தை அசையாமல் நிறுத்தினார். திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி முகம் நன்றாகத் தெரிந்தது. பெட்டிக்கு மாலை போட்டார். கண்ணாடியில் அத்தானின் நெற்றி இருந்த இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தார். கீழே இலை விரித்து, சோறு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பரிமாறினார். சோறு கல்யாணப் பெண் கையால் விழட்டும் என்றார். சூடம் காட்டினோம். கோமதி விழுந்து கும்பிட்டாள். அவள் எழுந்திருக்கட்டும் என்று நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

அந்த மிஷின் படத்தைக் கொஞ்சநேரம்தான் நிறுத்தி வைக்கும். நாடா தேய்ந்துவிடக் கூடாது என்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கிவிடும். அத்தான் தலையை அசைத்தார். பொட்டு அசையவில்லை. ஒலியும் குறைக்கப்படவில்லை.

"இலையைப் போட்டுட்டு எல்லாரும் சுத்தி நின்னு என்னா பாக்கறீங்க? பசிக்குது, சோத்தைப் போடுங்க!"

அத்தானுக்கு உடம்புதான் பெரியது. குரல் கீச்சென்று இருக்கும். தேவகி அம்மா வீட்டில் கேட்கும்வரை அது எனக்கே மறந்துபோயிருந்தது.

கோமதி தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "இதுவா அப்பா குரல்?" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "நான் நெனச்சது ரொம்பக் கனமான குரலும்மா. பரீட்சைக்கு இந்தக் குரலா வந்து தைரியம் சொல்லியிருந்தா நான் பெயிலாயிருப்பேன்! திரும்பப் போடுங்கம்மா, திரும்பப் போடுங்க."

"மொதல்ல சோத்தைப் போடு. கேக்கறாருல்ல" என்றார் அக்கா.

கோமதி சோற்றைப் பரிமாறினாள். அதன்பிறகு அந்தச் சில நிமிடங்களை எத்தனை முறை போட்டுப் பார்த்தோம் என்று எனக்குத் தெரியாது. சமைத்ததெல்லாம் ஆறிப்போய்த்தான் சாப்பிட்டோம்.

எல்லாரும் போனபிறகு கோமதி கேட்டாள். "அம்மா, அது தானா ஓடும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அக்கா முந்தானையால் கண்ணாடியிலிருந்த பொட்டைத் துடைத்துக்கொண்டே, "மிஷினைப் பத்தி எனக்கு என்னாம்மா தெரியும்?" என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

குடும்பத்தில் நடிக்கத் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.